ருசி: ஒரு குறிப்பு

புதுச்சேரியில் ஒரு சிறு மதுவாலையின் கோதுமை பீரைக் குடித்துப் பார்த்தேன். இந்த ஜாதி பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்க வேண்டும். பழமோ கிராம்போ போடுவதில்லை, எல்லாம் ஈஸ்ட்டின் காரியம். எனக்குக் கிடைத்தது நனைந்த அட்டையின் வாடை. காற்றுப்பட்டுப் பழசான பீருக்கு அதுதான் லட்சணம். 'விஷம்' என்று குறித்துக்கொண்டேன். பிடிக்காத கவிதைத் தொகுதிகளுக்கும் இதே சொல்லை நான் உபயோகித்ததுண்டு.

குறிப்பை விரித்து எழுத உட்கார்ந்தது கள்ளக்குறிச்சியில், கல்வராயன் மலைக்குப் போகிற வழியில். மலையில் சாராயம் காய்ச்சுவது வெகுகாலப் பழக்கம். ஆனால் 2024 ஜூனில் இவ்வூர்க் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் அறுபது பேருக்கு மேல் குடித்துச் செத்த பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அதை நாக்கு காட்டிக்கொடுக்காது; எத்தனாலுக்கும் அதற்கும் மணத்திலும் ருசியிலும் பெரிய பேதமில்லை. ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக்கிய பிறகு, பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும். ரசனை என்று நாம் இத்தனை காலம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் சமாச்சாரத்துக்கு அங்கே வேலையே இல்லை.

அதற்காக மட்டமான பீரை மன்னிக்க வேண்டியதில்லை. காசு கொடுத்தவன் கேட்பான், நானும் கேட்கிறேன். 'விஷத்தை' மட்டும் அடித்துவிட்டு 'அட்டை' என்று எழுதினேன்.