பாலைவனத்தில் ஒரு புள்ளி: திரைப்படமும் அதன் வீட்டுப் பிரதிகளும்

கம்பன் கவி ஏட்டிலிருப்பினும் அச்சிலிருப்பினும் கம்பன் கவியே. எழுதப்படும் பொருள் மாறுவதாற் சொல்லும் கருத்தும் மாறிவிடா. இவ்வுண்மையைத் திரைப்படத்திற்கும் உரித்தாக்கி, அரங்கிற் கண்ட படமும் வீட்டிற் கண்ட படமும் ஒன்றே எனக் கொள்வார் பலர். இக்கொள்கை எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயற்பாலது.

1962ஆம் ஆண்டில் வெளிவந்த, டேவிட் லீன் நெறிப்படுத்திய 'லோறன்ஸ் ஒப் அரேபியா' இவ்வாராய்ச்சிக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதன் ஒளிப்பதிவாளர் பிரெடி யங், வழக்கமான 35 மில்லிமீற்றர்ச் சுருளை விடுத்து 65 மில்லிமீற்றர்ச் சுருளிற் படம் பிடித்தார். அரங்குகளுக்கு 70 மில்லிமீற்றர்ப் பிரதிகள் சென்றன. அப்படத்தில் ஒரு காட்சி. பாலைவனக் கிணற்றருகே லோறன்ஸும் அவன் வழிகாட்டியும் நிற்கின்றனர். தொடுவானிற் கானல் அலைகின்றது. அக்கானலில் ஒரு கரும்புள்ளி தோன்றுகின்றது. வருபவன் நண்பனோ பகைவனோ என்பது புலப்படவில்லை. புள்ளி மெல்ல மெல்ல வளர்ந்து, ஒட்டகமும் அதன்மேல் வீற்றிருக்கும் வீரனுமாகின்றது. வழிகாட்டி துப்பாக்கியை நாடி ஓடுகின்றான், சுடப்பட்டு வீழ்கின்றான். பாலையின் பரப்பு, மனிதனின் சிறுமை, காத்திருத்தலின் அச்சம் ஆகிய மூன்றையும் பெரிதும் உரையாடலின் துணையின்றி உணர்த்துவது அப்புள்ளியே.

1976இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். ஒளிநாடா, குறுக்காக ஏறத்தாழ 240 கோடுகளளவு நுணுக்கத்தையே தாங்க வல்லது. அன்றியும், லீனின் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.2 மடங்கு, பழைய தொலைக்காட்சித் திரையின் அகலமோ 1.33 மடங்கு. திரையை நிரப்பும் பொருட்டுப் பக்கங்களை வெட்டியபோது நூற்றுக்கு நாற்பது பங்களவு படம் மறைந்தது. வெட்டாது சுருக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டபோது எஞ்சிய நுணுக்கமும் குறைந்தது. இத்தகைய நாடாவில் அப்புள்ளி கானலோடு கரைந்துவிடுகின்றது. புள்ளி கரையவே காத்திருத்தலும் கரைகின்றது. எஞ்சுவது தாமதம் ஒன்றே. நாடாவிற் பார்த்த ஒருவர் 'படம் நத்தைபோல் ஊர்கின்றது' எனக் குறைகூறின், அக்குறை நாடாவைச் சாருமேயன்றி லீனைச் சாராது.

பின்வந்த வட்டுகள் இக்குறையைப் படிப்படியாகக் களைந்தன. 1996இல் தோன்றிய டி.வி.டி. ஏறத்தாழ 4 இலட்சம் படப்புள்ளிகளையும், 2006இல் தோன்றிய புளூ-ரே 20 இலட்சத்தையும், 2016இல் வந்த 4கே வட்டு 83 இலட்சத்தையும் ஏந்துவன. ஆயினும் எண்ணிக்கை ஒன்றே தரமாகாது. சிதைந்த பிரதியிலிருந்து எடுத்த வட்டு சிதைவையே தெளிவாகக் காட்டும். படச்சுருளுக்கு இயல்பான மணிமணியான தன்மையை மாசெனக் கருதித் துடைப்பின், மணலின் நயமும் முகத்தின் சுருக்கமும் உடன் அழியும்.

வெளிவந்தபின் பலமுறை வெட்டிக் குறைக்கப்பட்ட இப்படத்தை, றொபேட் ஹரிஸ் என்பார் லீனின் துணையோடு 1989இல் மீட்டமைத்தார். செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் பணியோடு இது ஒப்பவைத்து எண்ணத்தக்கது. மூலத்தைத் தேடுவார் இலரேல், வட்டு எத்துணை நுண்ணியதாயினும் பயனில்லை.

வீட்டுப் பிரதிகள் இகழத்தக்கனவல்ல. அரங்கம் எட்டாதோர்க்கு அரிய படங்களை அளித்தவையும், ஒரு காட்சியைப் பன்முறை நிறுத்திக் கற்க உதவியவையும் அவையே. எனினும், எழுத்துச் சிதைந்த ஏட்டைக் கொண்டு புலவனைப் பழித்தல் புலமையாகாது. ஆதலின், திரைப்படத்தை விமரிசிப்போர் தாம் கண்டது எப்பிரதி என்பதை முதற்கண் உரைத்தல் வேண்டும். பாலைவனத்தில் அப்புள்ளியைக் காணாதவர், அக்காட்சியைக் கண்டவராகார்.