கூட்டலும் கூட்டும்

பல சூப்பர்ஹீரோக்களை ஒரே படத்தில் சேர்த்துக் காட்டுவது ஹாலிவுட்டில் தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. எல்லாம் வியாபாரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒதுக்குவது விமர்சனமாகாது. வியாபாரம் இவை எல்லாவற்றுக்கும் பொது. அப்படியிருந்தும் ஒன்று படமாகிறது, இன்னொன்று வெறும் ஊர்வலமாக நின்றுவிடுகிறது. ஏன்?

சேர்க்கையைக் கணக்காக எடுத்துக்கொள்கிற படம் தோற்கிறது. பிரச்னையாக எடுத்துக்கொள்கிற படம் பிழைக்கிறது. குரோசாவா 'ஏழு சாமுராய்' (1954) படத்தில் இதைத் தெளிவாகவே காட்டிவிட்டார். சோற்றைத் தவிர வேறு கூலி இல்லாத வேலைக்கு ஒவ்வொருவனும் ஏன் வருகிறான் என்பதற்குப் படம் தாராளமாக நேரம் தருகிறது.

ஜாஸ் வீடனின் 'தி அவெஞ்சர்ஸ்' (2012) படத்தில் ஆறு பேர். படத்தின் பெரும்பகுதி இவர்கள் சேர முடியாமையைப் பற்றியது. பறக்கும் கப்பலின் ஆய்வுக்கூடத்தில் நடக்கிற வாக்குவாதம்தான் அதன் மையம். ஸ்டார்க்கின் கிண்டல், ராஜர்ஸின் பழங்கால ஒழுங்கு, தன் கோபத்துக்குத் தானே காவலிருக்கும் பானரின் நிதானம், ஒவ்வொன்றும் மற்றதைச் சங்கடப்படுத்துகிறது. கடைசியில் இவர்களைச் சேர்த்துவைப்பதும் ஒரு பொய். செத்துப்போன கோல்ஸனின் சட்டையில் இருந்தவை என்று ரத்தம் தோய்ந்த அட்டைகளை ஃப்யூரி மேஜைமேல் வீசுகிறான். அவை இருந்தது லாக்கரில். ஒற்றுமைக்கு அடியில் இப்படி ஒரு கறையை வைக்கப் படம் துணிந்திருக்கிறது.

தன்னைப் பலிகொடுக்கிற ஆள் நீயில்லை என்று ஸ்டார்க்கை ராஜர்ஸ் குத்திக்காட்டுவது அந்த வாக்குவாதத்தில்தான். நியூயார்க் சண்டையில் ஏவுகணையைச் சுமந்துகொண்டு வானத்துப் பிளவுக்குள் ஸ்டார்க் போவது அதற்குப் பதில். அதாவது, சண்டை என்பது பேச்சின் தொடர்ச்சி.

'ஜஸ்டிஸ் லீக்' (2017) இதற்கு நேர்மாறு. ஸாக் ஸ்னைடர் விலகிய பின் அதை முடித்துக்கொடுத்தவரும் அதே வீடன்தான். ஆகவே டைரக்டரின் சாமர்த்தியம் மட்டும் போதாது. ஃப்ளாஷ், அக்வாமேன், சைபார்க் மூவரும் யாரென்று நமக்குப் பிடிபடுமுன்பே அணியில் சேர்ந்துவிடுகிறார்கள். சூப்பர்மேன் திரும்பி வந்ததும் மற்ற ஐவரும் உபரி. எல்லாவற்றையும் ஒருவனே செய்ய முடிந்தால் கூட்டு எதற்கு? 2021ல் வந்த ஸ்னைடரின் 242 நிமிஷப் பிரதியில் தோரணை சுமையாக இருக்கிறது. ஆனால் சைபார்க்குக்கும் அவன் தகப்பனுக்கும் இடையிலுள்ள கசப்புக்கு அதில் இடமிருக்கிறது. சேருவதற்கு ஒருவனாவது விலை கொடுக்கிறான் என்றானதும் மற்றவர்களிடமும் கொஞ்சம் உயிர் ஏறுகிறது.

'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' (2016) இன்னும் ஒரு படி மேலே போகிறது. லைப்ஸிக் விமானநிலையத்தில் பன்னிரண்டு பேர் மோதுவது ரசமான விளையாட்டு, அவ்வளவே. ராணுவம் உருவாக்கிய ராஜர்ஸ் அரசாங்கங்களின் கட்டுப்பாட்டை மறுக்கிறான். யாருக்கும் அடங்காத ஸ்டார்க் கையெழுத்திடுகிறான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இறுதியில் சைபீரியாவில் மூன்றே பேர், ஒரு பழைய கொலையை நடுவில் வைத்து அடித்துக்கொள்கிறார்கள். உலகத்துக்கு ஆபத்து ஏதுமில்லை. உடைவது கூட்டு மட்டுமே. அது முன்பு உண்மையாக இருந்ததால் வலிக்கிறது.

'எண்ட்கேம்' (2019) படத்தின் உச்சத்தில் ஒளிவட்டங்களிலிருந்து நாயகர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறார்கள். தியேட்டரில் கைதட்டல். அது பழைய படங்களுக்கான வட்டி. அந்தக் காட்சி சம்பாதித்தது அல்ல. அதே படத்தில் ஸ்டார்க் சாவது நம்மைத் தொடுகிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ராஜர்ஸ் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அங்கே வந்து முடிகிறது. இத்தனை பேர் கூடியும் செய்ய முடியாததை இரண்டு பேருக்கிடையில் கிடந்த ஒரு மனத்தாங்கல் செய்திருக்கிறது.