வள்ளுவரும் சர்வக்ஞரும்: ஓர் ஒப்பு நோக்கு

பெங்களூரு அல்சூரில் 1991இல் நிறுவப்பெற்ற வள்ளுவர் சிலை, 18 ஆண்டுகள் மூடப்பட்டிருந்து 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துக் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பெற்றது. இதனை இருமொழியினரின் நல்லிணக்கம் என்பர். ஆயின் ஒப்புரவு என்பது கைம்மாறு கருதாதது என்பது வள்ளுவர் கருத்து (குறள் 211). சிலைக்குச் சிலை என்பது உடன்பாடே. ஒருவர் நூலை மற்றவர் கற்பதே ஏற்பு.

அவ்வாறு கற்பின் குறள் 972 தெளிவுறுகிறது. அது பிறப்பால் உயிர்கள் அனைத்தும் சமம் எனக் கூறி, சிறப்பின் வேறுபாடு தொழிலால் அமைவது என முடிகிறது. மேடைகளில் முன்பகுதியே பேசப்பெறுகிறது. பின்பகுதியிலுள்ள ‘தொழில்’ என்பதைக் குலத்தொழில் எனக் கொண்டால், அக்குறளே சாதிக்குச் சான்றாகிவிடும். சர்வக்ஞர் தம் திரிபதி ஒன்றில், இழிந்த சாதியினன் எனப்பட்டவனின் வீட்டு விளக்கொளியும் இழிந்ததோ என வினவி, இறையன்புக்கு உரியவனே உயர்ந்தவன் என்கிறார். வள்ளுவர் செயலையும் சர்வக்ஞர் இறையன்பையும் அளவுகோலாக்கினும், பிறப்பை விலக்குவதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். எனவே ‘தொழில்’ என்பதற்கு ஒருவன் தானே ஆற்றும் செயல் என்பதே பொருளாதல் வேண்டும். பெருமை அதிகாரம் அரிய செயலைப் போற்றுவதும் (குறள் 975) இதற்கு அரணாகும். குறளின் இருபகுதிகளையும் சேர்த்துக் கற்பிக்கக் கன்னடத் திரிபதி துணைநிற்கிறது எனலாம்.