அடித்தலும் எழுதலும்

ஓர் எழுத்தாளர் தம் படைப்பைப் பன்முறை அடித்துத் திருத்தினார் எனக் கேட்டவுடன், அதனை அவரது மேன்மைக்குச் சான்றாக நாம் கொண்டுவிடுகிறோம். இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது என வினவுகிறார் ஹன்னா சல்லிவன். 2013இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘திருத்தப் பணி’ என்னும் அவரது ஆங்கில ஆய்வு நூல் தரும் விடை துணிவானது. திருத்தத்தையும் இலக்கிய மதிப்பையும் பிணைத்துப் பார்க்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து நவீனத்துவர் விட்டுச் சென்றதாம். தட்டச்சுப் பொறியும் அச்சகம் அடுத்தடுத்து அனுப்பிய மெய்ப்புத் தாள்களும் அதற்கு இடமளித்தனவாம்.

சான்றுகள் வலுவானவை. 1922இல் வெளிவந்த ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மெய்ப்புத் தாள்களிலேயே வளர்ந்தது. (அச்சுக் கோத்தவர்மீது நமக்கு இரக்கமே உண்டாகிறது.) ஹென்றி ஜேம்ஸோ, 1881இல் நூலாக வந்த ‘ஒரு சீமாட்டியின் சித்திரம்’ புதினத்தை அறுபதைக் கடந்தபின் மீண்டும் கையிலெடுத்தார். முதற்பதிப்பின் முடிவில், கதைத்தலைவியை விரும்பிய குட்வுட்டுக்கு இன்னும் நம்பிக்கை உண்டெனப் படிப்போர் கருத இடமிருந்தது. 1908ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் சேர்த்த சில வரிகள் அக்கதவை அடைத்துவிட்டன. இளைஞர் எழுதியதை முதியவர் மாற்றும்போது எது மூலம்? இன்றும் பதிப்பாளர் சிலர் முன்னதையும் சிலர் பின்னதையும் அச்சிடுகின்றனர்.

எனினும், கருவிக்கு இத்துணைச் சிறப்புத் தருவது நமக்கு உடன்பாடன்று. தட்டச்சுப் பொறி விற்பனைக்கு வந்தது 1874இல். மெய்ப்புத் தாள்களை ஓயாது திருத்திய பால்சாக் 1850லேயே இறந்துவிட்டார். அவருக்கும் முன்னர், 1816இல், ஜேன் ஆஸ்டின் ‘பெர்சுவேஷன்’ புதினத்தை முடித்தபின் இறுதிப் பகுதியில் மனநிறைவின்றி அதனை மாற்றி எழுதினார். ஆணின் அன்பா பெண்ணின் அன்பா நிலையானது என ஆன் உரையாட, அருகிலிருந்து கேட்கும் வென்ட்வொர்த் கடிதமெழுதும் காட்சி முதற்படியில் இல்லை. அந்நூலை விரும்புவோர் முதலில் நினைவுகூரும் பகுதியே திருத்தத்தில் பிறந்ததுதான்.

நீக்கப்பட்ட அதிகாரங்களின் கையெழுத்துப் படி பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. ஆஸ்டினின் ஆறு புதினங்களுக்கும் எஞ்சிய கையெழுத்து அது ஒன்றே. அச்சேறியதும் கைப்படியைக் கழித்துவிட்ட காலத்தவர் எவ்வளவு திருத்தினர் என்பதை எதைக் கொண்டு அளப்பது? ஜாய்ஸின் தாள்களை நூலகங்கள் விலை கொடுத்து வாங்கிக் காத்தன. நாம் ஒப்பிடுவது இரு காலத்து எழுத்தாளரையா, இரு காலத்துக் காப்பகங்களையா என்னும் வினாவை நூலாசிரியர் இன்னும் கடுமையாகத் தம்மிடமே கேட்டிருக்கலாம்.