அணு மின்சாரப் பட்டியல்கள்: வகுத்தல் சரி, முடிவு தப்பு

எந்த நாடு அதிகமா அணு மின்சாரம் தயாரிக்குதுன்னு தேடினா, பெரும்பாலான வரைபடங்கள் ஒரே வரிசையைத்தான் காட்டும்: அமெரிக்கா, சீனா, பிரான்ஸ். 2023 கணக்குப்படி முறையே சுமார் 77,500, 43,000, 32,000 கோடி யூனிட். எண்கள் சரிதான். என் புகார், அதை வைத்து நாம் எடுக்கும் முடிவுகள் மேல்.

மக்கள்தொகையால் வகுத்தா வரிசையே தலைகீழ். ஆளுக்கு ஆண்டுக்கு பிரான்ஸ் சுமார் 4,700 யூனிட், அமெரிக்கா 2,300, சீனா 300. இந்தியா 35-ஐக்கூட எட்டலை.

அடுத்து நானே பண்ணின தப்பு. உற்பத்தியை நிறுவு திறனால் வகுத்தேன். அமெரிக்க உலைகள் 90 சதவீதத்துக்கு மேல், பிரெஞ்சு உலைகள் 60-ஐ ஒட்டி. ‘பிரான்ஸுக்கு உலை ஓட்டத் தெரியலை’ன்னு குறிப்பேட்டில் எழுதிட்டேன். அது அவசரம். அமெரிக்க மின்சாரத்தில் அணுவின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. அதனால் உலையை முழு வேகத்தில் ஓடவிட்டு, தேவைக்கு ஏற்ப எரிவாயு நிலையங்களை ஏற்றி இறக்கலாம். பிரான்ஸில் பங்கு சுமார் 65 சதவீதம். ராத்திரி தேவை குறைஞ்சா உலையையேதான் தணிக்கணும்.

ஆனா அது முழு சமாதானமும் இல்லை. 2020-ல் மூடின ஃபெசன்ஹைம் உலைகள் இரண்டைத் தவிர, கிட்டத்தட்ட இதே உலைகள் 2005-ல் 43,000 கோடி யூனிட் கொடுத்தன. அப்பவும் ஏற்றி இறக்கித்தான் ஓட்டினாங்க. 2022-ல் 28,000 கோடிக்கு விழுந்ததற்கு முக்கியக் காரணம், குழாய்களில் அரிப்பு விரிசல் கண்டுபிடிச்சு பல உலைகளை நிறுத்தினதும், தள்ளிப்போன பராமரிப்பும். ஒரே சதவீதத்துக்குள் வடிவமைப்புத் தேர்வும் பழுதும் கலந்து கிடக்கு. பட்டியல் ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது.

கடைசியா ஒண்ணு. ஸ்லோவேனியாவில் இருப்பது ஒரே உலை, கிர்ஷ்கோ. அதன் மின்சாரத்தில் பாதி குரோஷியாவுக்குச் சொந்தம். பட்டியலிலோ முழுசும் ஸ்லோவேனியா கணக்கு, குரோஷியாவுக்குப் பூஜ்யம்!

அணுமின் வேணுமா வேண்டாமா என்ற சண்டையில் இரு தரப்பும் இந்தப் பட்டியல்களைத்தான் எறியுறாங்க. அடுத்த முறை ஒண்ணு கண்ணில் பட்டா மூணு கேள்வி கேளுங்க: எதால் வகுத்தாங்க? எந்த வருஷம்? அந்த உலை எப்படி ஓடணும்னு எதிர்பார்க்கிறாங்க? மூணாவதுக்குப் பதில் இல்லைன்னா, நாடுகளுக்கு மார்க் போடாதீங்க.