அதே ரேம், புதிய பயாஸ்

2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் செயலி வந்தபோது, 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேம்கள் பல மதர்போர்டுகளில் 2666-ஐத் தாண்ட மறுத்தன. மே இறுதியில் ஏஜீசா 1.0.0.6 அறிவிக்கப்பட்டது. பயாஸுக்குள் ஏஎம்டி தரும் அடிப்படை நிரல் அது. நினைவகத்துக்கென்றே 26 புதிய அமைப்புகள். 4000 வரை வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வன்பொருளில் ஒரு திருகுகூட மாறாமல் பல ரேம்கள் 3200-ஐத் தொட்டன! முதல் தலைமுறை ரைசனின் உள் இணைப்பான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ரேமின் கடிகாரத்தோடேயே ஓடுவது. ரேம் ஏறினால் கோர்த் தொகுதிகளுக்கிடையிலான போக்குவரத்தும் வேகமெடுக்கும்.

இரண்டு பயாஸ் பதிப்புகளை ஒப்பிடுவதில் என்னை ஈர்ப்பது இந்த நுணுக்கம்தான்: வேகமும் சிஎல்லும் அதேதான், ஆனாலும் லேட்டன்சி மாறும். ‘ஆட்டோ’வில் விட்ட டிஆர்எஃப்சி, டிஎஃப்ஏடபிள்யூ போன்ற துணை டைமிங்குகளை ஒவ்வொரு பதிப்பும் தன் போக்கில் நிர்ணயிக்கிறது. ஒன்று இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்று தளர்த்தி விடும். எல்லா டைமிங்குகளையும் இரண்டு பதிப்பிலும் கையால் ஒரே எண்களில் நிறுத்திவிட்டு அளந்தால்தான் அது ஒப்பீடு.

புதிய பதிப்பு எப்போதும் மேல் என்றில்லை. ரேம் சோதனையான மெம்டெஸ்ட்டில் இரவு முழுக்கப் பிழையின்றி நிற்கும் பழைய பதிப்புக்கே என் ஓட்டு.