பொருளும் துணிபும்

இலக்கியக் கட்டுரை எழுதப் புகும் மாணவர் பலர், தலைப்புக் கிடைத்தவுடனே கருத்தும் கிடைத்துவிட்டதெனக் கொள்கின்றனர். ‘சங்க இலக்கியத்தில் இயற்கை’ என்பது ஒரு பொருள். அஃது இன்னும் துணிபு ஆகவில்லை. சங்கப் புலவர் இயற்கையைப் பாடினர் என்பதை மறுப்பார் எவருமிலர். மறுப்பார் இல்லாத ஒன்றை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. ஆதலின் அத்தகைய கட்டுரை மேற்கோள்களை அடுக்கிப் புலவரைப் போற்றிய அளவில் முடிந்துவிடுகின்றது.

நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள், தானே ஒரு கொள்கையை நாட்டி அதனை நிலைபெறச் செய்தலும் ஒன்று. நாட்டுதல், நிறுத்தல் என்னும் இவ்விரண்டுமே கட்டுரைக்கு உயிர். பொருளொன்று துணிபாக வளர்ந்தமைக்குச் சிறந்த சான்றினைத் தீவகத்துக் கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகளின் (1913–1980) ஆய்விற் காணலாம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ந்த பொருளும் இயற்கையே. ஆயின், இயற்கை எங்கெங்கு வருகின்றது என்று வினவிய அளவில் அவர் அமையவில்லை. செய்யுளில் அஃது என்ன பணி செய்கின்றது என வினவினார். பழந்தமிழ்ப் புலவர் இயற்கையை அதன் பொருட்டே பாடுவது அரிது. மாந்தர் உணர்ச்சிக்குப் பின்னணியாகவே பாடினர் என்பது அவர் கண்ட விடை. இது மறுக்கத்தக்கது, ஆதலின் நிறுவத்தக்கதும் ஆயிற்று.

‘பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு முதலில் வெளிவந்த அந்நூல், 1966இல் ‘நிலக்காட்சியும் செய்யுளும்’ எனப் பொருள்படும் பெயர் பெற்றது. முன்னைய பெயர் பொருளை மட்டும் சுட்டுகின்றது. பின்னையது இரண்டினை அருகருகே நிறுத்தி, அவற்றின் தொடர்பு யாது என வினவத் தூண்டுகின்றது. திணைக் கோட்பாட்டின் உட்கிடையும் அத்தொடர்பே. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் உரிப்பொருளையே தொல்காப்பியர் தலையாயதாகக் கொண்டார்.

எனினும், தனக்கு இசைந்த சான்றுகளை மட்டும் திரட்டும் துணிபு வலியதாகாது. முல்லைப்பாட்டில் கார்காலம் தலைவியின் காத்திருப்போடு பிணைந்து நிற்பது வெளிப்படை. ஆனால், 261 அடிகளையுடைய குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் ஏறத்தாழ நூறு பூக்களை நிரல்படக் கூறுகின்றார். இங்கு இயற்கை தன் பொருட்டே பாடப்பட்டதன்றோ என ஒருவர் தடை எழுப்பலாம். அவ்விடத்தை ஒதுக்கிச் செல்வது கட்டுரையாளர்க்கு அழகன்று.

அப்பூக்களின் பெயரைச் சொல்பவள் தோழி, கேட்பவள் செவிலி. அருவியாடிப் பூக்கொய்து பாறையிற் குவித்த கவலையற்ற பொழுதினை அவள் விரித்துரைக்கின்றாள். அதன் பின்னரே வேட்டை நாய்களும் தலைவனும் தோன்றுகின்றனர். மகளிரின் களங்கமற்ற விளையாட்டைச் செவிலி உள்ளத்திற் பதிப்பதற்கே அந்நீண்ட நிரல் உதவுகின்றது என்று விடை கூறலாம். அவ்விடை முழுத்தடையையும் நீக்காவிடினும், துணிபின் எல்லையைத் தெளிவாக்கும். ‘என்றும்’ என்று எழுத எண்ணியவர் ‘பெரும்பாலும்’ என்று எழுதக் கற்பார்.

கடல் சூழ்ந்த தீவக மாணவர்க்கு ‘நெய்தற் பாடல்களிற் கடல்’ என்னும் தலைப்புக் கொடுக்கப்பட்டதெனக் கொள்க. கடலைப் பற்றிய அடிகளைத் தொகுத்தல் தொடக்கமேயன்றி முடிவன்று. ‘ஓயாத கடலொலி, ஊருறங்கத் தான் உறங்காத தலைவியின் தனிமையை மிகுவிக்கின்றது’ என ஒரு வாக்கியம் எழுதுவாராயின், எப்பாடல் வேண்டும், எது வேண்டா, எது தடையாகும் என்பவற்றை அவ்வாக்கியமே தெரிந்து காட்டும். தலைப்பு ஆசிரியர் தருவது. துணிபு மாணவர் தாமே நூலைப் பயின்று பெறுவது.